கார் கம்பெனி மூழ்கும்போது கைக்கொள்ள வேண்டியவை

உங்கள் கார் கம்பெனி நஷ்டத்தில் மூழ்குகிறதா? பதற வேண்டாம், பதறுவதற்கென்றே அரசாங்கம் இருக்கிறது. 2008, 2009-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் இந்த வித்தையை அடி முதல் நுனி வரை செய்து காட்டியிருக்கின்றன. அவர்கள் போன தடத்திலேயே போங்கள். அவர்கள் தடுக்கி விழுந்த இடங்களில் மட்டும் காலைத் தூக்கி வையுங்கள்.

முதலில், பெரிதாக இருங்கள். பத்துப் பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறையை மூடினால் ஒரு மந்திரியும் எட்டிப் பார்க்க மாட்டார். உங்களுக்குப் பல மாநிலங்களில் தொழிற்சாலை வேண்டும், ஊருக்கு ஊர் டீலர் வேண்டும், சீட் தைப்பவர் முதல் போல்ட் போடுபவர் வரை உங்களை நம்பி ஒரு கூட்டம் வேண்டும். "நான் சாய்ந்தால் இத்தனை பேரும் சாய்வார்கள்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஃபோர்டு கம்பெனி 2006-லேயே தன் நீல முட்டைச் சின்னம் உட்பட எல்லாவற்றையும் அடகு வைத்துச் சுமார் 2,360 கோடி டாலர் திரட்டி வைத்திருந்தது. அதனால் மீட்பு நிதி வாங்கவில்லை. ஆனாலும் அதன் தலைவர் ஆலன் முலாலி, போட்டியாளர்களுக்காக நாடாளுமன்றத்தில் போய்ப் பரிந்து பேசினார். மூவருக்கும் உதிரி பாகம் தருபவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள். அவர்கள் படுத்தால் ஃபோர்டும் படுத்துவிடும். எதிரியே உங்களுக்குச் சிபாரிசு செய்ய வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, பயணம். 2008 நவம்பரில் 2,500 கோடி டாலர் கேட்டு மூன்று தலைவர்களும் ஆளுக்கொரு கம்பெனி விமானத்தில் வாஷிங்டன் போய் இறங்கினார்கள். பிராட் ஷெர்மன் என்ற உறுப்பினர், சாதாரணப் பயணிகள் விமானத்தில் வந்தவர்கள் கை தூக்கலாம் என்றார். ஒரு கையும் எழவில்லை. சரி, விமானத்தை இங்கேயே விற்றுவிட்டு டிக்கெட் எடுத்து ஊர் திரும்பப் போகிறவர்கள்? அப்போதும் எழவில்லை. அடுத்த மாதம் ஹைபிரிட் கார்களில் சாலை வழியே வந்தார்கள். ஆண்டுக்கு 1 டாலர் சம்பளம் போதும் என்றார்கள். கேட்ட தொகை மட்டும் 3,400 கோடி ஆகியிருந்தது. பணிவு ஏறினால் தொகையும் ஏறலாம், தவறில்லை.

செனட் கைவிரித்தாலும் கவலை இல்லை. டிசம்பர் 11-இல் மசோதா அங்கே படுத்தது, 19-ஆம் தேதி புஷ் 1,740 கோடி டாலர் அறிவித்தார். வங்கிகளை மீட்க ஒதுக்கிய நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். (அந்த நிதியை வாங்க வங்கித் தலைவர்கள் யாரும் கார் ஓட்டிக்கொண்டு வரவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.) போகிற அதிபருக்குக் கெட்ட பெயர் ஆகாது, வருகிறவருக்கு அபசகுனம் ஆகாது. ஆகவே ஆட்சி மாறும் மாதம் பார்த்துத் திவாலாவது உத்தமம்.

பிறகு ஒரு தலை உருள வேண்டும். 2009 மார்ச்சில் ஒபாமா அரசு கேட்டுக்கொண்டதால் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரிக் வாகனர் விலகினார். ஜூன் 1-இல் திவால் மனு, ஜூலை 10-இல் அதே பெயரில் புதுக் கம்பெனி. பழைய கடன்களும் வேண்டாத தொழிற்சாலைகளும் 'மோட்டார்ஸ் லிக்விடேஷன் கம்பெனி' என்று பெயர் மாற்றிய பழைய கூட்டோடு போயின. அமெரிக்க அரசுக்குச் சுமார் 60 சதவீதப் பங்கு.

சிக்கனம் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பதிலும் முறை உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தொழிலாளிக்கு மணிக்குச் சுமார் 14 டாலர், பக்கத்தில் அதே வேலை செய்த பழைய ஆளுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து பிரிந்து போன உதிரி பாகக் கம்பெனி டெல்ஃபை. அங்கே சங்கம் இருந்த தொழிலாளருக்கு ஓய்வூதியக் குறையை ஈடுகட்டினார்கள். சங்கம் இல்லாத மேசை ஊழியர்களுக்கு வெட்டு விழுந்தது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். அதற்கு உங்களுக்குச் செலவில்லை.

கடனை அடைத்ததாக டி.வி.யில் விளம்பரம் செய்ய மறக்காதீர்கள். 2010 ஏப்ரலில் புதிய தலைவர் எட் விட்டேக்கர் திரையில் தோன்றி, அரசுக் கடனை வட்டியோடு, ஐந்தாண்டு முன்னதாகவே அடைத்துவிட்டோம் என்றார். அடைத்த பணம், அரசே கொடுத்துத் தனிக் கணக்கில் கிடந்த பணம். தவிர, அரசு போட்டதில் பெரும்பகுதி பங்காக மாறியிருந்தது. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்றபோது ஜெனரல் மோட்டார்ஸில் மட்டும் 1,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். அந்த நஷ்டத்தை நான் தண்டம் என்று சொல்ல மாட்டேன். கார் கம்பெனிகள் திவால் நீதிமன்றத்துக்கே போகட்டும் என்று அரசியல்வாதி மிட் ராம்னி எழுதினார். கடைசியில் நடந்ததும் அதுதான். ஆனால் கடன் சந்தை உறைந்து கிடந்த அந்தக் குளிர்காலத்தில், திவால் வழக்கை நடத்திச் செல்லும் பணம் அரசிடம் மட்டுமே இருந்தது. கொடுத்தது சரி, கறாராகப் பேசாததுதான் பிழை. 1980-இல் கிரைஸ்லருக்கு 150 கோடி டாலர் வரை கடன் உத்தரவாதம் தந்த அரசு, பங்கு வாங்கும் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டது. 1983-இல் கிரைஸ்லர் தலைவர் லீ அயகோகா கடனை அடைத்தபோது அரசுக்கு 30 கோடிக்கு மேல் லாபம். இப்படிப்பட்ட அரசைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள். சுவீடன் பக்கமும் போகாதீர்கள். சாப் கம்பெனியை எடுத்து நடத்த அந்த அரசு மறுத்தது, 2011 டிசம்பரில் சாப் திவாலானது.

கடைசி யோசனை. தொழிற்சாலையை மூடுவதாக இருந்தால், அரசுகளின் கையிலுள்ள பங்கெல்லாம் விற்றுத் தீரும்வரை பொறுங்கள். கனடாவும் 2009-இல் பணம் போட்டது, 2015-இல் கடைசிப் பங்கை விற்றது. 2018 நவம்பர் 26-இல் ஜெனரல் மோட்டார்ஸ், கனடாவின் ஓஷாவா, ஒஹாயோவின் லார்ட்ஸ்டவுன் உட்பட ஐந்து தொழிற்சாலைகளில் வேலையை நிறுத்தப் போவதாகவும், மொத்தம் 14,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைக்கப் போவதாகவும் அறிவித்தது. அன்றைக்கு அதன் பங்கு விலை ஏறியது.