தட்டோரத்துக் காய்கள்: தாணேக் குழந்தைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

'வினோதக் காய்' என்பதற்கு யாரும் இதுவரை ஒழுங்கான இலக்கணம் வகுக்கவில்லை. தாவரவியலில் அப்படியொரு குடும்பமும் கிடையாது. எனவே இக்கட்டுரை தன் வசதிக்கு ஒன்றை வகுத்துக்கொள்கிறது: ஐந்து வயதுக் குழந்தை எதைச் சாப்பிடாமல் கேள்வி மட்டும் கேட்கிறதோ அது வினோதக் காய். "இது என்ன?" என்று கேட்டால் தொடக்க நிலை. "இது எதுக்கு?" என்று கேட்டால் முற்றிய நிலை.

இடத்துக்கு இடம் இது மாறும். மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கும் பாட்டிக்கு அது சாதாரணச் சமையல். அதே பூ ஸ்லோ லோக்கலில் ஏறி தாணே கோட்பந்தர் ரோட்டுக்கு வந்து இருபதாவது மாடிக்குப் போனால், அது பூவா காயா என்று பேத்தி தகராறு செய்கிறாள். காலத்துக்குக் காலமும் மாறும். தென்னமெரிக்காவில் பிறந்த உருளைக்கிழங்கு ஒருகாலத்தில் இந்தக் கரைக்கே அந்நியம். 1737-இல் மராத்தியர் தாணேயைப் பிடித்தபோது அதை ஆண்டுவந்த போர்த்துகீசியர் போனார்கள். உருளைக்கிழங்குக்கு அவர்கள் சொன்ன 'படாட்டா' என்ற பெயர் மராத்தியிலேயே தங்கிவிட்டது. பல தமிழ் வீடுகளில் இன்றும் திவசத்துக்கு இந்தக் கிழங்கைச் சேர்ப்பதில்லை. ஆக, பித்ருக்கள் இன்னமும் ஒப்புக்கொள்ளாத காயைத்தான் பேரன் வறுவலாக இரண்டாம் முறை கேட்கிறான்.

ஆய்வுக்களம் தாணே ஜாம்பளி நாக்காச் சந்தை, பருவம் மழைக்காலம். மழை தொடங்கியதும் சுற்றுவட்டாரக் காடுகளிலிருந்து ஆதிவாசிப் பெண்கள் 'ரான்பாஜி' என்னும் காட்டுக்கீரைகளையும் காய்களையும் கொண்டுவருவார்கள். அங்கே 'டாக்ளா' என்று கட்டுக்கட்டாக விற்பது நம் ஊர்த் தகரைதான். 'ஷேவளா' என்பது சேனைக்கிழங்கின் உறவுக்காரப் பூங்கொத்து. சேனையைப் போலவே கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். அதனால் புளியோ 'காகட்' என்ற புளிப்புக் காயோ சேர்த்துத்தான் சமைப்பார்கள். 'கர்டோலி' நம் பழுபாகல். பச்சைப் பந்தில் மெத்தென்ற முள் முளைத்ததுபோல இருக்கும். பாகலுக்குச் சித்தப்பா பிள்ளைதான். ஆனால் கசப்புச் சொத்தில் பெரிதாகப் பங்கு கேட்டதில்லை.

குழந்தையின் ஆய்வுமுறை நம்முடையதைவிடக் கறாரானது. வாழைத்தண்டுக் கூட்டைச் சாதத்தில் பிசைந்து வைத்ததும் ஆள்காட்டி விரல் வேலையைத் தொடங்கும். முதலில் கறிவேப்பிலை வெளியேறும். அடுத்து கடுகு. பிறகு தண்டுத் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டோரம் போய் வரிசையில் நிற்கும். பாசிப்பருப்பு மட்டும் வாய்க்குள் போகும். அரிசியில் கல் பொறுக்கும் பாட்டிக்குக்கூட இந்தத் துல்லியம் வராது.

முன்னோடிகள் இருக்கிறார்கள். 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஒரு பொடியைக் கையாளும்போது அது காற்றில் பறந்தது. அறையிலிருந்த சகாவுக்கு ஒரே கசப்பு. ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. சில கசப்புகளை உணர்வது பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற ஆராய்ச்சி அங்கிருந்து கிளம்பியது. "எனக்குக் கசக்கலையே, உனக்கு மட்டும் எப்படிக் கசக்குது?" என்ற அம்மாவின் வாதம் அன்றோடு தோற்றுப்போனது.

அடுத்தவர் உளவியலாளர் லீ ஆன் பர்ச். புதிய உணவைக் கண்ணில் காட்டினால் மட்டும் போதாது, நாக்கில் பட்டால்தான் அதன் ருசி பிடிக்கத் தொடங்கும் என்று 1987-இல் அவரது குழு காட்டியது. எத்தனை முறை? 8 முதல் 15 வரை என்பது இந்தத் துறையில் புழங்கும் கணக்கு. நம் வீடுகளில் மூன்றாவது முறையே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதி ஃபைலை மூடிவிடுகிறோம்.

காயைச் சாப்பிடவைக்கப் புழக்கத்திலுள்ள உத்திகள் மூன்று.

முதலாவது மாறுவேடம். ஆலைத் தொழிலாளர் சாப்பாடாகத் தொடங்கியது என்று சொல்லப்படும் பாவ் பாஜி, காய்களை ஆள் அடையாளம் தெரியாமல் மசிப்பதில் உலகத்தரம் எட்டியது. காய் உள்ளே போய்விடும். ஆனால் குழந்தைக்குப் பாவ் பாஜி பிடிக்குமே தவிர, காலிஃபிளவரோடு அறிமுகம் ஏற்படாது.

இரண்டாவது லஞ்சம். "இதைச் சாப்பிட்டா சாக்லேட்." 1984-இல் பர்ச் குழு இதையும் சோதித்தது. பரிசுக்காகக் குடிக்கவைத்த பானத்தின் மேல் குழந்தைகளுக்கு இருந்த விருப்பம் குறைந்தது. லஞ்சம் கொடுத்தால்தான் நகரும் ஃபைலில் ஏதோ கோளாறு என்று ஐந்து வயதிலேயே புரிந்துவிடுகிறது.

மூன்றாவது சகவாசம். வேறு காயை விரும்பும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட குழந்தை, சில நாளில் தானும் அதையே எடுக்கத் தொடங்கியது. இது பர்ச்சின் 1980 ஆய்வு. வீட்டில் ஓரம் ஒதுக்கிய அதே காய் பள்ளியில் மராத்திச் சிநேகிதியின் டப்பாவிலிருந்து வந்தால் காலியாகும் ரகசியம் இதுதான். அதே விதி அப்பாவுக்கும் பொருந்தும். அவர் தட்டோரத்தில் பாகற்காய் ஒதுங்கிக் கிடந்தால், எதிரே இருப்பவர் அதையும் குறித்துக்கொள்வார்.

இனி கணக்கு. ஷேவளா மழைத் தொடக்கத்தில் சில வாரங்களே கிடைக்கும். சுத்தம் செய்யும் பாட்டுக்கு வாரம் ஒருமுறைக்கு மேல் சமைக்க முடியாது. ஒரு சீசனுக்கு நான்கு முறை என்றால், ஐந்து வயதில் தொடங்கும் குழந்தைக்கு எட்டு வயது ஜூனில்தான் 15 நிறையும். கர்டோலிக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம். வாரம் இரண்டு முறை சமைத்தால் இரண்டே மாதத்தில் கணக்கு முடியும். ஆகவே தாணே வாசகர்கள் கர்டோலியில் தொடங்கலாம். மஞ்சள் ஓடாத பச்சைக்காயாகப் பார்த்து வாங்கவும். பழுத்தால் விதை கெட்டியாகிவிடும். மெல்லிசாக வட்டம் வட்டமாக நறுக்கி எண்ணெயில் வதக்கி, முதல் கரண்டியை அப்பா தட்டில் போடவும்.