வரிக் கிளாத்தி வளர்க்க ஆறு யோசனைகள்

வீட்டில் நிம்மதி கொஞ்சம் மிஞ்சியிருக்கிறதா? வரிக் கிளாத்தி வாங்குங்கள். பச்சை உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள் வளைந்தோடும் கடல்மீன். நைஜர் நதியைத் தேடி ஆப்பிரிக்கா போவதற்கு முன் முங்கோ பார்க் சுமத்ராவில் கண்டு எழுதி, 1797இல் அச்சேறிய இனம். விருந்தாளிகளிடம் பெருமையடிக்க இவ்வளவு போதும். இனி வேலை.

1. தொட்டி: உள்ளங்கையளவு குட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஓரடி வளரும். 700 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 700 கிலோ. லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பு 24.5 கிலோ. மாடியில் வைப்பதானால் கீழ்வீட்டுக்காரரோடு சுமுகமாகப் பழகி வையுங்கள்.

2. பொறுமை: தொடக்கத்தில் நான்கு முதல் ஆறு வாரம் மீன் கிடையாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா முதலில் குடியேற வேண்டும். வெறும் தண்ணீருக்கா இவ்வளவு கரண்ட் பில் என்று வீட்டில் கேட்டால், பாக்டீரியா வளர்ப்பதாகச் சொல்லுங்கள். பொய்யில்லை.

3. அலங்காரம்: கற்களை ரசனையோடு அடுக்குங்கள். மறுநாள் மீன் தன் ரசனைப்படி அடுக்கிக்கொள்ளும். வாயால் கவ்வி இழுக்கும், தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கிளப்பும். ஹீட்டருக்குக் கவசம் போடுங்கள், வயரையும் கடிக்கும்.

4. துணை: இறாலும் நண்டும் துணைக்கு விடலாம், சாப்பாட்டு நேரம் வரை. கடல் முள்ளெலியையே கவிழ்த்துப்போட்டுத் தின்னும் பரம்பரை இது. வேறு மீன்களை விட்டால், கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். எது என்று யோசிக்க வேண்டியதில்லை.

5. உணவு: ஓட்டோடு இறால், சிப்பி. பல் நீளாமல் தேய வேண்டுமே. தொட்டி துடைக்கும்போது விரல் பத்திரம். அதற்கு வித்தியாசம் தெரியாது.

6. பிடித்தல்: பயந்தால் இடுக்கில் புகுந்து முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தும், இரண்டாம் முள் அதைப் பூட்டிவிடும். இழுத்தால் வராது. இரண்டாவதை அழுத்தினால் பூட்டு திறக்கும், அழுத்தப் போகிறவர் யார் என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். வலையில் அள்ளினால் முள் சிக்கிக்கொள்ளும், வாளியால் மொள்ளுங்கள்.

அலுத்துப்போனால் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டியின் நோய் அங்கும் போய்ச் சேரும். திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் சிரித்தால், வாங்காதீர்கள்.