நியூயார்க் சீனர்

1900ஆம் வருடம் எந்த வெள்ளைக்காரரும் சீனராக ஆசைப்பட்டிருக்க நியாயமில்லை. சீனாவில் பாக்ஸர் கலகம் நடந்துகொண்டிருந்தது. அந்நியரைக் கண்ட இடத்தில் வெட்டு என்று ஒரு கூட்டம் கிளம்ப, அந்நியரைக் காப்பாற்றுகிறோம் பேர்வழி என்று எட்டு நாட்டுப் பட்டாளம் பீக்கிங்கை நோக்கி நடந்தது. அந்த வருடமாகப் பார்த்து வில்லியம் எல்ஸ்வொர்த் ராபின்சன் என்ற அமெரிக்கர் தலையை மழித்து, பின்னல் தொங்கவிட்டு, முகத்தில் சாயம் பூசிக்கொண்டு பாரிஸில் சீனராக அவதரித்தார்.

அவதாரம் அவருக்குப் புதிதல்ல. நியூயார்க் மாகாணத்தில் 1861இல் பிறந்த ராபின்சன் மேடைக்குப் பின்னால் மேதை. பெட்டி, பலகை, கண்ணாடி, கம்பி எதைக் கொடுத்தாலும் ஒரு வித்தை தயாரித்துவிடுவார். மேடைக்கு முன்னால் வந்தால்தான் சிக்கல்; பேச்சு வராது. மேஜிக்காரருக்கு வாய்தான் பாதி மூலதனம். அது இல்லாதவர் என்ன செய்வார்? பேசத் தேவையில்லாத ஊர்க்காரராக மாறினார்.

முதலில் அக்மத் பென் அலி. ஜெர்மனியில் மேக்ஸ் ஆட்சிங்கர் என்பவர் 'பென் அலி பே' என்ற பெயரில் ஒரு வித்தை காட்டிவந்தார். மேடை முழுக்கக் கறுப்பு வெல்வெட். அதற்குள் தலையோடு காலாகக் கறுப்பு உடுத்திய உதவியாளர் நடமாடுவது யார் கண்ணிலும் படாது. அவர் தூக்கும் வெள்ளைச் சாமான் மட்டும் தானாக மிதக்கும். வித்தையை எடுத்துக்கொண்ட ராபின்சன், பெயரிலும் முக்கால் பங்கை விட்டுவைக்கவில்லை.

பிறகு மேஜிக்காரர் ஹாரி கெல்லரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது ராபின்சனின் பெயர் நானா சாகிப். ஆம், 1857 கலகத்தின் கான்பூர் நானா சாகிப்பின் பெயரேதான். கலகத்துக்குப் பிறகு அந்த மனிதர் எங்கே போனார் என்று பிரிட்டிஷ் சர்க்கார் நேபாளக் காடு வரை தேடியது. அமெரிக்காவில் ஒரு டிக்கெட் வாங்கியிருந்தால் மாலைக் காட்சியிலேயே பிடித்திருக்கலாம். அப்புறம் கெல்லரின் பரம எதிரியான அலெக்சாண்டர் ஹெர்மனிடம் கட்சி தாவினார். அங்கே அவர் அப்துல் கான். இருவருக்கும் அவர் வேண்டும். இருவரின் ரகசியங்களும் அவருக்குத் தெரியும். தாவலுக்கு மவுசு கூடியதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இதற்கிடையில் நிஜமாகவே ஒரு சீனர் வந்து சேர்ந்தார். பெயர் சிங் லிங் ஃபூ. 1898இல் ஒமாஹா நகரப் பொருட்காட்சிக்காக அமெரிக்கா வந்தவர். சீனக் கூலியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்கா 1882இலேயே சட்டம் போட்டிருந்ததால் அவரையும் மூட்டை கட்டி அனுப்பப் பார்த்தார்கள். இவர் கூலியாள் அல்ல, கலைஞர் என்று வாதாடித் தப்பிக்க வேண்டியிருந்தது. அவருடைய பெரிய வித்தை தண்ணீர்க் கிண்ணம். வெறும் துணியை உதறுவார், தரையில் விரிப்பார், எடுப்பார். குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு ஒரு பீங்கான் கிண்ணம், தளும்பத் தளும்பத் தண்ணீரோடு அங்கே இருக்கும். இதைச் செய்து காட்டுபவருக்கு 1000 டாலர் என்று அறிவிப்பு வேறு.

ராபின்சன் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தொளதொள அங்கி, அதற்குள் தொங்கும் கிண்ணம், அந்தச் சுமையோடு சாதாரணமாக நடக்கிற தொடை பலம். பணத்துக்குக் கை நீட்டியபோது ஃபூ தரப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. 'பரிசு' என்ற சொல்லை விளம்பரத்தில் படித்து நம்பியவர் மேஜிக் தொழிலிலேயே ஊறிய ஆள் என்பதுதான் வேடிக்கை.

வஞ்சம் தீர்க்க வாய்ப்பு வந்தது. பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்குக்கு ஒரு சீன மேஜிக்காரர் வேண்டுமென்று ஏஜெண்டு ஒருவர் ஆள் தேடினார். சீனர்தான் வேண்டும், ஆனால் சீனராக இருந்தாக வேண்டியதில்லை. ராபின்சன் 'ஹாப் சிங் சூ' ஆகிக் கப்பலேறினார். லண்டன் அல்ஹாம்ப்ரா அரங்குக்கு வரும்போது பெயர் 'சுங் லிங் சூ' என்று கனிந்திருந்தது. ஒரிஜினல் அல்வாக் கடைக்கு எதிர்வரிசையில் இன்னொரு 'ஒரிஜினல்' அல்வாக் கடை திறக்கிற அதே நேர்மை.

மேடையில் வாயே திறப்பதில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்தால் இவர் பொருளற்ற ஏதோ ஒலிகளை எழுப்புவார். உதவியாளர் கமேட்டாரோ அதைக் கண்ணியமான ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். கமேட்டாரோ ஜப்பானியர். குட்டையான அமெரிக்கப் பெண் டாட், சூயீ சீன் என்ற சீன மனைவியாக மேடையில் வந்தார். லண்டன் மெச்சிக் குறிப்பெடுத்துக்கொண்டது.

1905 ஜனவரியில் அசல் ஃபூவே லண்டனுக்கு வந்தார். லெஸ்டர் சதுக்கப் பகுதியில் ராபின்சன் ஹிப்போட்ரோம் அரங்கில், ஃபூ எம்பயர் அரங்கில். கூப்பிடு தூரத்தில் இரண்டு சீனர்கள், அவர்களில் ஒருவர் சீனர். ஃபூ கொதித்தார்: என் இருபது வித்தையில் பத்தையாவது அவன் செய்து காட்டட்டும். ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நாள் குறித்தார்கள். ராபின்சன் மோட்டார் காரில் வந்திறங்கிச் செய்து காட்டினார். ஃபூ வரவேயில்லை. அதற்குள் நிபந்தனையை மாற்றிவிட்டாராம்: முதலில் அவன் சீனத் தூதரக அதிகாரி முன்னால் தன்னைச் சீனன் என்று நிரூபிக்க வேண்டும்.

நியாயமான நிபந்தனை. ஆனால் லண்டன்காரர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்த ஆள் ராபின்சன் என்று அம்பலமான பிறகும் அவர்களுக்கு உறுத்தவில்லை; சீனரைப் பார்க்கவா காசு கொடுத்தார்கள், தங்கள் மனத்தில் இருந்த சீனரையல்லவா பார்க்க வந்தார்கள்? அந்தச் சீனரை ராபின்சன் ஃபூவைவிட நன்றாகச் செய்தார். ஃபூ பாவம், வெறும் சீனராக மட்டுமே இருந்தார்.

வீட்டிலும் ராபின்சன் ஒரே வேடத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் சட்டப்படி ஒரு மனைவி, மேடையில் டாட், லண்டனின் பார்ன்ஸ் பகுதியில் லூயிஸ் என்ற பெண்ணோடும் குழந்தைகளோடும் மூன்றாவதாக ஒரு குடித்தனம். இவ்வளவையும் வெளியே தெரியாமல் நடத்தியவருக்குக் கிண்ணத்தை மறைப்பதா பெரிது?

கடைசியில் காட்டிக்கொடுத்தது துப்பாக்கி. 'பாக்ஸர்கள் விதித்த மரண தண்டனை' என்பது அந்த வித்தையின் பெயர். பார்வையாளர்கள் குறி போட்ட தோட்டாக்களைக் குழாய் வாய் வழியாகக் கெட்டிப்பார்கள். பாக்ஸர் வேடத்தில் உதவியாளர்கள் சுடுவார்கள். இவர் பீங்கான் தட்டில் தோட்டாவை ஏந்திக் காட்டுவார். சூட்சுமம் எளிது: வெடிப்பது மேல் குழாய் அல்ல, கெட்டிக்கும் கோலைச் செருகும் கீழ்க் குழாய். அதில் வெறும் மருந்துதான். மேல் குழாயின் தோட்டா அசையாமல் கிடக்கும்; குறி போட்ட தோட்டா எப்போதோ இவர் கைக்கு மாறியிருக்கும்.

காட்சி முடிந்ததும் மேல் குழாயை வெளியே சுட்டுக் காலி செய்திருக்கலாம். ராபின்சன் தினமும் பின்பக்கத் திருகைக் கழற்றி, தோட்டாவையும் மருந்தையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார். வருடக் கணக்கில் கழற்றி மாட்டித் திருகு தேய்ந்தது. இடுக்கில் மருந்துத் தூள் படிந்தது. 1918 மார்ச் 23 அன்று லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் கீழ்க் குழாயின் தீ மேலே தாவியது. நிஜத் தோட்டா நெஞ்சைத் துளைத்தது. ஐயோ கடவுளே, என்னவோ ஆகிவிட்டது, திரையை இறக்குங்கள் என்று சுங் லிங் சூ நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். அவர் பேசியதில்தான் சிலருக்கு அதிர்ச்சி அதிகமாக இருந்திருக்கும். மறுநாள் காலை இறந்தார். ராபர்ட் சர்ச்சில் என்ற துப்பாக்கி நிபுணர் ஆயுதத்தைப் பிரித்துப் பார்த்து விசாரணையில் எல்லாவற்றையும் விளக்க, விபத்து என்று தீர்ப்பு. கட்டணமில்லாமல் ஊருக்கே வெளியான முதல் ரகசியம்.

ஹூடினிக்கு அந்த வித்தையைத் தானும் செய்ய வேண்டுமென்று ஆசை. ராபின்சனின் பழைய முதலாளி கெல்லர் பதறிப்போய், வேண்டாம், அந்தத் தோட்டா வேலை மட்டும் வேண்டாம் என்று கடிதம் எழுதினார். கைவிலங்கோடு பெட்டிக்குள் ஆணியடித்து ஆற்றில் தூக்கிப் போட்டாலும் வெளியே வருகிற ஹூடினி, இதற்கு மட்டும் பெரியவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.