விளையாட்டும் வினையும்

மென்பொருள் எழுதும் என் மகன் வேலை முடிந்தால் நடுச்சாமம் வரை கணினி விளையாட்டுத்தான். விளையாடி உருப்பட்டவர் யாராவது உண்டா ஐயா?
– ஒரு தாய், கட்டுகஸ்தோட்டை

விளையாட்டு வினையாகும் என்பார்கள். வினை என்றால் செயல் என்றும் பொருள் உண்டு, அம்மா! 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தொம்ப்சன், தான் எழுதிய 'ஸ்பேஸ் ட்ரவல்' விளையாட்டை ஓட்ட, யாரும் அதிகம் தொடாத பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதில்தான் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்தது. அதை முன்மாதிரியாகக் கொண்ட லினக்ஸ்தான் இன்று அண்ட்ரொய்ட் போன்களுக்குள் ஓடுகிறது.

மகனின் நித்திரையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலையில் எழுப்பி, 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த கண்டி வாவியைச் சுற்றி இருவருமாக நடங்கள். இரவு எந்தக் கட்டத்தில் தோற்றான் என்று கேளுங்கள், ஆசையாகச் சொல்வான்.