கடன் கொப்பியின் தரவு அமைப்பு: அரநாயக்கத் தோட்டக் கடையை முன்வைத்து ஓர் ஆய்வு

கைபேசிச் செயலி எழுதுவோர் மாறி, டிக்ஷனரி என்ற இரண்டைத் தங்கள் கண்டுபிடிப்பு போலப் பேசுவர். 2011இல் கோட்லின் மொழி வெளியே தெரியவருவதற்கு வெகு காலம் முன்பே இவ்விரண்டும் அரநாயக்கப் பக்கத்துத் தோட்டக் கடைகளில் புழங்கின என்பதே இவ்வாய்வின் துணிபு. மறுப்பவர் ஒரு மாதம் கடனுக்குச் சாமான் வாங்கிப் பார்க்கட்டும்.

மாறியில் பெரிய ஆராய்ச்சிக்கு இடமில்லை. தேங்காய் என்ற பெயர் நிற்கும், விலை மட்டும் ஏறி இறங்கும். கோட்லினில் அதை 'வார்' என அறிவிப்பர். மாற்றக் கூடாததை 'வால்' என்பர். கடையில் 'வால்' ஆகத் தக்கது ஒன்றுதான்: 'இன்று ரொக்கம், நாளை கடன்' பலகை.

டிக்ஷனரிதான் ஆழமானது. கோட்லினில் அதற்கு மேப் என்று பெயர். சாவி ஒன்று, அதற்கு நேரே மதிப்பு ஒன்று. முதலாளியின் நீட்டுக் கொப்பியில் இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் தொகை. சிக்கல் லெட்சுமியால் வந்தது. மேட்டு லயத்தில் ஒருவர், பணிய லயத்தில் ஒருவர். மேப்பில் ஒரே சாவி இருமுறை நிற்காது. இரண்டாம் லெட்சுமியின் சீனியையும் பருப்பையும் பதிந்ததும் முதலாமவரின் கடன் சத்தமில்லாமல் அழியும். பிழை என்று செயலி வாயே திறக்காது. முதலாளியோ 'மேட்டு லெட்சுமி', 'பணிய லெட்சுமி' என்று பிரிப்பார். மேட்டு லயத்துக்கே இன்னொரு லெட்சுமி மருமகளாக வந்தால் 'மூக்குத்தி லெட்சுமி'. இம்முறையின் ஆபத்து மூக்குத்தி அடகுக்குப் போகும் நாளில் விளங்கும்.

தீர்வு தோட்ட ஆபீசிலேயே கிடக்கிறது. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஆளுக்கொரு நம்பர். அதற்கு நேரேதான் முழுநாள் கூலிக்கு முழுப்பேரோ, அரைநாள் கூலிக்கு அரைப்பேரோ விழும். துரைமார் காலத்து ஏற்பாடு. மனிதரை நம்பராக்கியதில் மெச்ச ஒன்றுமில்லை. சாவியைத் தேர்ந்த விதத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது.

மேப்பில் இல்லாத சாவியைக் கேட்டால் கோட்லின் 'நல்' என்று தரும். அது பூச்சியம் அல்ல. கடனைத் தீர்த்தவருக்குப் பூச்சியம். கடைப்படியே மிதிக்காதவருக்கு 'நல்'. இருவருக்கும் 'பாக்கி இல்லை' என்று காட்டும் செயலி, முன்பின் தெரியாதவருக்கும் அரிசி அளக்கச் சொல்லும். எந்த முதலாளியும் இதில் ஏமாறுவதில்லை.

செயலி எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மேப் நினைவகத்தில் மட்டும் இருந்தால் செயலி மூடியதும் மொத்தக் கடனும் தள்ளுபடி. கணக்கைக் கோப்பில் சேமித்துவிட்டு, அது திரும்ப வருகிறதா என்று பார்த்த பிறகே முதலாளியின் கையிலிருந்து கொப்பியை வாங்குங்கள்.