அண்ணன் இப்போ எந்த கிரவுண்டில்?

எங்கள் ஊர் உயர்நிலைப்பள்ளியில் கபடி, வாலிபால், பூப்பந்து என்று மூன்று டீம்கள் இருந்ததாகப் பதிவேடு சொல்லும். நம்ப வேண்டாம். இருந்தது ஒரே ஒரு அண்ணன். மற்றவர்கள் எண்ணிக்கைக்காக நின்றோம்.

எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். பி.டி. சார் அவரை 'சாம்பியன்' என்றுதான் கூப்பிடுவார். கணக்கு வாத்தியார் வேறொரு பெயர் வைத்திருந்தார், அது இங்கே வேண்டாம்.

நூறு மீட்டரில் முதல், குண்டு எறிதலில் முதல், உயரம் தாண்டுதலிலும் முதல். குண்டு எறிகிறவன் உடம்பு வேறு, உயரம் தாண்டுகிறவன் உடம்பு வேறு என்று சார் பாடம் நடத்திய அன்று அண்ணன் கடைசி பெஞ்சில் தூங்கிவிட்டார். அதனால்தான் இரண்டையும் செய்ய முடிந்தது என்பது என் கணிப்பு. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி முதுகைக் காட்டித் தாண்டி 2.24 மீட்டரில் தங்கம் வாங்கிய செய்தி எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஆனால் அவர் விழுந்தது மெத்தையில். எங்களுக்கு மணல்தான், அதுவும் சுற்றுச்சுவர் கட்டியது போக மீந்த மணல். அண்ணன் முன்பக்கமாகவே தாண்டினார்.

அவரை ஜெயிக்க மாவட்டத்தில் ஆள் இல்லை. கால அட்டவணைதான் ஜெயித்தது. ஒரு வருஷம் வாலிபால் அரையிறுதி நடக்கும்போதே 1500 மீட்டருக்கும் மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். பி.டி. சார் ஒரு பொடியனை சப்ஸ்டிட்யூட்டாக இறக்கிவிட்டு, அண்ணனை சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். அண்ணன் ஓடினார். முதலில் வந்தார். வந்தவர் நிற்கவில்லை. வெற்றிக் கயிறு நெஞ்சில் தொங்க, அதே வேகத்தில் வாலிபால் கோர்ட்டுக்கு ஓடிவந்து சர்வீஸ் போட்டுவிட்டார். அங்கே நடுவர்கள் முதலில் வந்தவனைத் தேடினார்கள். ஆளும் இல்லை, கயிறும் இல்லை. அடுத்து வந்தவனை நிறுத்திப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

இந்தச் சங்கடம் பெரிய ஆட்களுக்கும் வந்திருக்கிறது. 1934-இல் சேப்பாக்கத்தில் ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியவர் மதராஸின் எம்.ஜே. கோபாலன். மறு வருஷமே தியான்சந்தோடு ஹாக்கி ஆட நியூசிலாந்து போய்வந்தார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்கான ஹாக்கித் தேர்வா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்று இரண்டும் ஒன்றாக வந்து நின்றன. கிரிக்கெட்டோடு கப்பலேறினார். இங்கிலாந்தில் ஆடிய மூன்று டெஸ்டில் ஒன்றில்கூட அவரை இறக்கவில்லை. ஹாக்கிக்காரர்கள் பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று உரித்துத் தங்கத்தோடு வந்தார்கள். எங்கள் சாரின் சைக்கிள் கிடைத்திருந்தால் கோபாலன் இரண்டையும் ஒரு கை பார்த்திருப்பார்.

அந்த பெர்லின் ஒலிம்பிக்குக்கு நாலு வருஷம் முன்னால் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பெண்களுக்கான தேசியத் தடகளப் போட்டி. டெக்சாஸ்காரி பேப் டிட்ரிக்சன், பள்ளிக்கூடத்திலேயே எல்லாப் பந்தையும் தொட்டவர், தன் கம்பெனி டீமுக்காக வந்திறங்கினார். டீம் என்றால் அவர் மட்டும்தான். 30 புள்ளி எடுத்து அணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டாவதாக வந்த அணியில் 22 பேர், அவர்களுக்கு 22 புள்ளி. இது சாருக்கு அப்போதே தெரிந்திருந்தால் எங்களுக்கு பனியன் வாங்கிய காசையாவது மிச்சம் பிடித்திருப்பார்.

அண்ணனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது. விண்ணப்பத்தில் விளையாட்டு என்ற இடத்தில் ஒன்றுதான் எழுதலாம் என்றார்களாம். அரை நாள் யோசித்து வாலிபால் என்று எழுதினாராம்.

போன வருஷம் அவர் மகன் கல்யாணம். பந்தியில் ஓடி ஓடி விசாரித்துக்கொண்டிருந்தவரை, முழங்காலுக்காவது ஓய்வு கொடுங்கள் என்று பிடித்து உட்காரவைத்தேன். பேச்சு அந்த 1500 மீட்டருக்குப் போனது. பெண்ணின் அப்பாவைக் கண்ணால் காட்டினார்.

"அன்னைக்கு ரெண்டாவதா வந்தது யாருங்குற? இவர்தான். பொண்ணு பார்க்கப் போறோம், ஹால்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு, 1500 மீட்டர் முதலிடம்னு."

"நீங்க என்ன சொன்னீங்கண்ணே?"

"வரதட்சணை ஒரு பைசா வேணாம், அந்த ஃப்ரேமை மட்டும் குடுங்கன்னேன். நகையா வேணா நாலு பவுன் சேர்த்துப் போடுறேங்கிறார்ப்பா."