பல்லிக்கு ஏசி, ஈக்கு விருந்து

வா கண்ணு, உக்காரு. கண்ணாடிப் பொட்டிக்குள்ள பல்லி வளக்கறயாம், அதுக்குள்ள பொடி ஈ மொய்க்குதாம். அப்புச்சிகிட்ட ரோசனை கேக்கோணும்னு உங்கம்மா போன் பண்ணுனா. நம்மூட்டுச் செவுத்துப் பல்லி ஈயையும் தின்னுட்டு, பஞ்சாங்கத்துக்குப் பலனும் சொல்லிட்டு, சம்பளமே இல்லாமக் கெடக்குது. உன்ற ஆளு பசிபிக் கடல்ல நியூ கலிடோனியாத் தீவுக்காரரு, க்ரெஸ்டட் கெக்கோ. பூண்டோட அத்துப்போச்சுன்னு நெனச்சிருந்தவரை 1994-ல திருப்பிக் கண்டுபுடிச்சாங்களாம். சூடு 28 டிகிரியைத் தாண்டுனா அவருக்கு ஆகாதுன்னு ஏசி வேற போட்டிருக்கற. உன்ற அப்புச்சிக்கு மேசை ஃபேன்தான்.

மொதல்ல எந்த ஈன்னு பாரு. செவந்த கண்ணோட சோத்துக் கிண்ணத்தைச் சுத்துனா அது பழ ஈ. ராத்திரி வெச்ச பழக்கூழை மறுநாள் எடுத்துக் கழுவாம விட்டா அது வராம யாரு வருவாங்க? செத்த பூச்சியிருந்தா அதையும் பொறுக்கிப் போடு. பொட்டிக்கு வெளிய ஒரு கிண்ணத்துல வினிகரும், பாத்திரம் கழுவற சோப்பு ஒரு சொட்டும் வெச்சீன்னா வந்து உளுந்துக்கும்.

கறுப்பா, கொசுவாட்டம் ஒல்லிக் காலோட மண்ணு மேல ஓடுனா அது பூஞ்சை ஈ. அதைத்தான் நீ கையைத் தட்டித் தட்டிக் கொல்றயாம். பக்கத்து ஃபிளாட்டுல பஜனைன்னு நெனச்சுக்குவாங்க. பறக்கறது ஒரு வாரம் போல இருந்துட்டுத் தானாச் சாவும். அதோட புழு ஈரமண்ணுல மேலாப்புல பூஞ்சையையும் அழுகலையும் தின்னுட்டிருக்குது. முட்டையிலிருந்து ரெக்கை மொளைக்க மூணு நாலு வாரம். கொல்லோணும்னா அங்க கொல்லு.

அந்த மண்ணு யாருதுன்னு நெனச்ச? நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்கா மட்டைதான். மஞ்சி மில்லுக்குப் போயி, தூளாகி, கட்டியாகி, கலர் அட்டையில ஏறி ஆன்லைன்ல வருது. நான் மட்டையை வித்த வெலையைக் கேட்டா நீ அழுவ, நீ வாங்குன வெலையைக் கேட்டு நான் அழுதாச்சு. அந்தத் தூளு தன்ற எடையாட்டம் பல மடங்கு தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும். அதும்மேல நீ நாளெல்லாம் பீச்சுனா? தண்ணி அடிக்கறதைக் கொறை கண்ணு. (உன்னைச் சொன்னா உங்கப்பன் ஏன் திரும்பிப் பாக்கறான்?) பொழுது சாஞ்சு நல்லா அடி, பகல்ல மேல்மண்ணு காயட்டும். காத்து போறதுக்கு வழி விடு. அழுகுன எலையை எடு, மேலாப்பு மண்ணை மாத்து. ஸ்பிரிங்டெய்ல்னு பொடிப் பூச்சி விக்கறாங்க, அது பூஞ்சையைத் தின்னு ஈப்புழுவைப் பட்டினி போடும்.

அதுக்கும் மசியலீன்னா பி.டி.ஐ.னு ஒரு பாக்டீரியா மருந்து. 1976-ல இஸ்ரேலு பாலைவனத்துல கண்டது, குட்டையில கொசுப்புழுவைக் கொல்றது. தண்ணியில கரைச்சு மண்ணுல ஊத்து. புழு சாவும், பல்லிக்கு ஒண்ணும் ஆவாது.

கொசுவத்தி, பூச்சி ஸ்பிரே எதையும் பொட்டிப் பக்கம் கொண்டு போவாத. ஈக்கு முந்திப் பல்லி போயிரும். மஞ்சப் பசை அட்டையை வெளிய தொங்க உடு. உள்ள வெச்சா ஈயோட அவரும் ஒட்டிக்குவாரு, பயத்துல வாலை உட்ருவாரு. நம்ம செவுத்துப் பல்லிக்கு வாலு மறுபடி மொளைக்கும். இவருக்குப் போனாப் போனதுதான்.

ஒரு மாசம் பொறு. அப்பவும் ஈ கொறையலீன்னா, நீ இன்னும் தண்ணிப் பாட்டலைக் கீழ வெக்கலைன்னு அர்த்தம்.